ரோசலின் மூழ்கும் ஓசை

குடியாத்தத்தில் மாடியறை.
சன்னலுக்குப் போர்வை, சுவருக்கு முட்டை அட்டை.
ஓடினால் பதிவில் விழும் என்று
சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தியிருந்தேன்.
கடல், நாலு மணி நேரப் பேருந்துத் தொலைவு.

கப்பல் மட்டும் வந்து சேர்ந்திருந்தது, ஊமையாய்.
பெயர் ரோசலின். மூன்று பாய்மரம்,
நாற்பத்து நான்கு பீரங்கி.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் நடக்கிற விளையாட்டு.
திரையில் அது திரும்பினால்
பாய் புடைக்கும், அலை பிளக்கும், புகை எழும்,
ஒன்றுக்கும் குரல் இல்லை.
அதை நான் தர வேண்டுமாம்.
முன்பணம் கொஞ்சம் போட்டிருந்தார்கள்.

பாய்க்கு அலையவில்லை.
நெல்லூர்ப்பேட்டையில் கொடிநிறைய லுங்கித் துணி.
காற்று முரண்டிய ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.
ஜலகண்டன் அண்ணன் மட்டும் கேட்டார்:
"என் துணிக்குப் பேட்டியா எடுக்கிற?"

பீரங்கிக்குக் கல்குவாரி.
விசில் ஊதி, சிவப்புத் துணி ஆட்டி,
ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிய பிறகு
மலை ஒருமுறை இருமியது.
காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது அதிகம்.
அந்த ஓர் இருமலை நாற்பத்து நான்காய் நறுக்கி
அரை இமை அரை இமையாய்த் தள்ளி அடுக்கினேன்.
ஒரு பக்கத்தில் இருபத்திரண்டுதான் வெடிக்கும் என்பது
விடியற்காலையில்தான் உறைத்தது.

அலைக்கு வேலூர்க் கோட்டை அகழி.
"என்னம்மா இது, தண்ணிக்குள்ள கம்பி?"
"கடல் பிடிக்கிறேன் சார்."
காவலர் தொப்பிக்குள் சொறிந்துகொண்டார்.
"இதுல பாசிதாம்மா கெடைக்கும்."
வீட்டில் வந்து கேட்டேன்.
கடல் இல்லை,
குளித்தெழும் எருமை.

மரம்தான் அகப்படவே இல்லை.
கதவை ஆட்டினேன், கட்டிலை ஆட்டினேன்,
வீடு வீடாகவே முனகியது.

பிறகு பேரணாம்பட்டு, தப்ரேஸ் பாயின் தோல் ஷெட்.
இரண்டாள் உயரத்துக்கு ஒரு மரப் பீப்பாய்,
வயிற்றில் சுண்ணாம்பும் நீரும் இருநூறு தோலும்.
சுற்றச் சுற்றப் பலகைகள் பல்லைக் கடிக்கும்.
உள்ளே எதுவோ கனமாய் ஏறும், தயங்கும்,
தொம்மென்று விழும்.
மூக்கில் துப்பட்டாவோடு மூன்று மணி நேரம் நின்றேன்.

பதில் வந்தது:
"பிரமாதம். ஆனால் இது மிதக்கிற கப்பல் இல்லை.
உள்ளே தண்ணீர் புகுந்துவிட்ட கப்பல்."
யாரோ எங்கோ இருந்து
சரியாகக் கேட்டிருக்கிறார்.
பீப்பாய்க்கு வெளியே ஏது தண்ணீர்?
வெளியே, ஆறு படுத்திருந்த இடத்தில்
லாரித் தடங்கள்.
மூழ்கும் காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் வெளிவந்து ஒரு மாதம் இருக்கும்.
காட்பாடியில் தேவகிருபை,
இரவு வார்டு முடித்து வந்து சீருடை மாற்றாமல்
ரோசலினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.
காற்றை முதுகில் வாங்கி
எதிரியின் பின்புறம் குறுக்கே போகப் பார்த்தாள்,
திருப்பம் தாமதம்.
திரை ஓரத்தில் மாலுமிகளின் கணக்கு:
இருநூற்று எண்பது. இருநூற்றுப் பதினொன்று.
தொண்ணூற்றாறு.
நாடி பார்க்கிற முகத்தோடு அதைப் பார்த்தாள்.
பிறகு கப்பல் சாய்ந்தது.

"யாரோ பேசறாங்கடி," என்று
ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

பலகை. நீர். தொம்.
அதற்கும் அடியில், தெளிவாக,
பெல்ட் பக்கம் நின்ற தசரதன்:
"டேய் நிறுத்துடா, ஜோடு உள்ள பூடுச்சி!"

அன்று மோட்டாரை நிறுத்தினார்கள்.
மூடியைத் திறந்து கொக்கி விட்டுத் துழாவி
இருநூறு தோலுக்கு நடுவே
ஒற்றைச் செருப்பை மீட்டார்கள், சுண்ணாம்பில் வெளுத்து.
ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பாய்
அவர் வீட்டுக்கு நடந்ததைப் பார்த்துச் சிரித்தோம்.
வெட்ட மறந்திருக்கிறேன்.

திருத்திய கோப்பு ஒன்று அனுப்பலாம்.
இரண்டு நிமிட வேலை.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் தேவகிருபை
"இன்னொருவாட்டி" என்று
முழுப் பாயும் விரித்து
மூன்று எதிரிக் கப்பல்களுக்கு நடுவே
ரோசலினை நேராக விட்டாள்.