பிற

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
தண்ணீர். தேநீர். காபி. பிற.
உங்கள் மடிக்கணினியில் எந்தத் திரவம் சிந்தியது?

எதுவும் சிந்தவில்லை என்பதற்குக்
கட்டம் இல்லை.

என் பெயர் செவெல்மா.
கால்நடைத் தடுப்பூசிப் பதிவாளர்.
பதினோராயிரத்துச் சொச்சம் ஆடுகளில்
எதற்குப் போட்டாயிற்று, எது பாக்கி
என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

ஜனவரியில், கோம்போவின் ஜீப்பில்,
மைனஸ் முப்பத்தாறில் நாலு மணிநேரம்.
ஹீட்டர் அவன் காலுக்கு மட்டும்.
கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைந்தால்
அடுப்பு செக்கச்செவேலென்று எரிகிறது.
கையுறையைக்கூடக் கழற்றாமல்
பையைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.
திரை முழுக்க வேர்த்தது,
ஓடி வந்த குதிரையின் விலாபோல.
ஒரு கணம் வெளிச்சம்.
அப்புறம் சின்னதாய் ஒரு 'டிக்'.
அவ்வளவுதான்.

உத்தரவாதம் மூன்று வருடம்.
ஓடியிருந்தது பதினான்கு மாதம்.
ரசீதை நாலாய் மடித்துப்
பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருப்பவள் நான்.
பயப்படவில்லை.

எல்லை தாண்டிப் போன பெட்டி
நாற்பத்தொரு நாள் கழித்து வந்தது.
அதற்குள் ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன;
பேனா மை உறைய, பென்சிலால்
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.
நான் சுற்றி அனுப்பிய துணியை
என்னைவிட நன்றாக மடித்திருந்தார்கள்.
வேறெதுவும் செய்யவில்லை.

கூடவே ஒரு புகைப்படம்.
மதர்போர்டின் ஓரத்தில் மிளகளவு ஒரு புள்ளி.
வெள்ளையாய் இருக்க வேண்டியது
சிவந்திருந்தது.
அதை நோக்கி ஓர் அம்புக்குறி,
கூட்டத்தில் திருடனைக் காட்டும் விரல்போல.
'திரவச் சேதம். உத்தரவாதம் பொருந்தாது.'
சரிசெய்யக் கேட்ட தொகையைக்
கணக்குப் போட்டேன்: ஒன்பது ஆடு.
கொழுத்த கிடா என்றால் எட்டு.

தொலைபேசியில் டெல்ஃபின் என்றொருவன்.
என் அரைகுறை ஆங்கிலத்துக்கு
ஏழு முறை "புரிகிறது மேடம்" என்றான்.
அவன் பின்னால் தகரக் கூரையில் மழை
கொட்டுவது கேட்டது.
கண்ணாடி போட்டிருக்கிறாயா என்றேன்.
போட்டிருக்கிறேன் மேடம்.
ஏசி அறையிலிருந்து தெருவுக்கு வந்தால்
அதில் என்ன நடக்கும்?
மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"ஆமாம்," என்றான், குரலைத் தாழ்த்தி,
"ஆனால் அது என் பட்டியலில் இல்லை."
புதுப் படிவம் அனுப்பினான்.
பாவம், அவனால் முடிந்தது அது.

'பிற'வில் டிக் அடித்தேன்.
விவரிக்கவும் என்ற இடத்தில்
காற்று என்று எழுதினேன்.

மூன்றே நாளில் பதில் வந்துவிட்டது:
காற்று திரவம் அல்ல.
வழக்கு முடிக்கப்பட்டது.

அதைத்தானே அம்மா, அய்யா, யாராயிருந்தாலும்,
நானும் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்!

உலான்பாத்தரில், சந்தைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்,
ஃபோன் உறை விற்கும் கடைக்குப் பின்னால்
மரல்மாவுக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும்.
வயது இருபத்துமூன்று இருக்கலாம்.
சூயிங்கம் மென்றபடி திறந்தாள்,
பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துப்
பச்சை பூத்த கால்களைத் தேய்த்தாள்,
அரிசியளவு எதையோ பிடுங்கி
அரிசியளவு எதையோ வைத்தாள்.
அரை ஆட்டு விலை.
ஆடுகள் அத்தனையும் திரையில் வந்து நின்றன.

மூடும் முன் ஒரு தாளைக் காட்டினாள்:
வரிசை வரிசையாய் வெள்ளைப் புள்ளிகள்.
"ஒட்டிவிடவா, அக்கா? சும்மாதான்.
அடுத்த முறை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள்."

மேலும் இருபத்திரண்டு மாதம் பாக்கி இருந்தது.
யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.
பிறகு வேண்டாம் என்றேன்.
நல்லவள் என்பதால் அல்ல.
இந்த விவகாரத்தில்
நடந்ததை நடந்தபடி சொன்னது
அந்தப் புள்ளி ஒன்றுதான்;
சிவந்தேன் என்றது.
ஏன் என்று
அதை யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பை
வாசலில் பூட்ஸுகளோடு இரண்டு மணிநேரம் கிடக்கும்.
வீட்டுக்காரர்கள் தேநீர் ஊற்றித் தந்து
உள்ளே கொண்டு வரலாமே என்கிறார்கள்.
வரட்டும், என்கிறேன்,
அதற்கு இன்னும் குளிர் விடவில்லை.
கோப்பையை
அதற்கு எட்டாத பக்கமாக
வைத்துக்கொள்கிறேன்.