மிச்சம் பிடித்தவன்

குலு நகரச் சந்தையில்
தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி,
பற்றவைப்புக் கம்பி, நான்.
உடைந்த திரையை மாற்றக் காசு வாங்குவேன்.
கேட்காமலே செய்து தரும் ஒன்றுக்கு மட்டும் வாங்குவதில்லை:
செட்டிங்ஸுக்குள் போய்
டேட்டா சேமிப்பை முடுக்கிவிடுவேன்,
வீடியோவின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவேன்.
ஆயிரம் ஷில்லிங் பண்டில்
மதியத்துக்குள் தீர்ந்துபோகிற ஊரில்
இது தர்மம் என்றிருந்தேன்.

ஆட்டம் பார்க்கிறவனுக்குப் பந்து தெரியாது.
போகட்டும், கோல் என்று கத்துவது கேட்கும்.
பாஸ்டரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதறும்.
போகட்டும், பிரசங்கம் முகத்திலா இருக்கிறது?
படத்தைக் கெடுத்தால் குரல் பிழைக்கும்,
ஒன்பது வருஷத் தொழிலில் நான் கண்ட சூத்திரம்.

லாமுனுவின் போனுக்கும் அதையே செய்தேன்.
பழைய துணி விற்கிறவள், மூன்றாவது வரிசை.
சார்ஜர் நுழையும் துளையில் புழுதி.
ஊசியால் எடுத்துவிட்டு
வழக்கமான தர்மத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.
அவள் பேச்சில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

பத்து நாள் கழித்து
லிராவிலிருந்து பஸ் ஏறி வந்தான் ஒக்வாங் என்று ஓர் ஆள்.
நீலக் கம்பளிக் கோட்டு ஒன்றை வீடியோவில் பார்த்தவன்.
அவனுக்கும் காது கேட்காது.
அவள் கடை முன்னால் மூண்டது சண்டை,
சத்தமே இல்லாத சண்டை.
கைகள் காற்றை அறைந்தன, கிள்ளின, இரண்டாகக் கிழித்தன.
தக்காளிக்காரி கூவுவதை நிறுத்திவிட்டு
வாய் திறந்தபடி நின்றாள்.

பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள்.
என் ரசீதுப் புத்தகத்தின் முதுகில்
அவள் எழுதினாள்: 16,000.
அதன் கீழே அவன் எழுதினான்: 6,000.
போனை என் மூக்குக்கு நேரே நீட்டி ஓடவிட்டாள்.

திரையில் அவள்தான்.
கோட்டைத் தூக்கிக் காட்டுகிறாள், உள்துணியைப் புரட்டிக் காட்டுகிறாள்,
விலை சொல்ல வலது கையை உயர்த்துகிறாள்.
கை இல்லை அங்கே.
கிண்டி இறக்கிய களி போல ஒரு பழுப்பு உருண்டை,
அசைகிற இடமெல்லாம் தன்னையே இழுத்துக்கொண்டு போகிறது.
பதினாறில் பத்து அதற்குள் எங்கோ கரைந்துவிட்டது.

லாமுனு வீடியோவை நிறுத்தினாள்.
தன் கையை விரித்து
திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
ஐந்து விரல். எண்ணிக்கொள் என்பது போல.

மன்னிப்பை எந்த விரலால் கேட்பது என்று தெரியாமல்
செட்டிங்ஸைத் திறந்தேன்.
கீழே, இன்னும் கீழே,
நானே புதைத்து வைத்த இடத்தில் கிடந்தது:
உயர் தரத்தில் பதிவேற்று.
தள்ளினேன். சாம்பல் பொத்தான் நீலமானது.

அங்கேயே நின்று மறுபடி பதிந்தாள்.
வட்டம் நிறைய ஆரம்பித்தது, எறும்பு ஊர்வது போல.
நாற்பத்தேழு எம்பி!
எனக்கு வயிற்றைப் பிசைந்தது, என் காசு போல.
பதினொரு நிமிஷம் வெயிலில் நின்றாள்.
எண்ணை அவள் பார்க்கவே இல்லை.

இப்போதெல்லாம் போன் கொண்டு வருகிறவர்களிடம்
நீங்கள் எதனால் பேசுவீர்கள் என்று கேட்கிறேன்.
வாயால்தான், வேறெதனால் என்று சிரிக்கிறார்கள்.
சிலர் ஜாக் அடப்பா, வேலையைப் பார் என்கிறார்கள்.

கோட்டு என்ன விலைக்கு முடிந்ததோ.
கொளுத்தும் பகலில் அதைப் போட்டுக்கொண்டே
ஒக்வாங் பஸ் ஏறியதை மட்டும் பார்த்தேன்.
அன்றிரவு என் போனில் அவள் வீடியோவைத் திறந்தேன்,
முழுத் தரத்தில், என் சொந்த டேட்டாவில்.
மோதிரவிரலில் பாதி உரிந்த சிவப்பு நகப்பூச்சு.
மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.
முடிவில் கேமராவைப் பார்த்து
இரண்டு கையாலும் எதையோ நீளமாகச் சொல்கிறாள்,
என் கடைப் பக்கம் கண்ணைக் காட்டி.
ஒவ்வொரு விரலும் தெளிவாக இருந்தது.
நான்கு முறை பார்த்தேன்.
ஒரு சொல்லும் புரியவில்லை.