பத்து மதிப்பெண் வினா

'நாவலில் வரும் இடங்கள்
மாந்தரின் வர்க்கத்தையும் குணத்தையும்
எவ்வாறு உணர்த்துகின்றன?
இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.'

அஞ்சல்வழிக் கல்வி, இரண்டாம் ஆண்டு.
கம்பத்தில் நாலரைக்கு ஜீப் ஏறினால்
பதினேழு பேரில் ஒருத்தியாக
மெட்டு ஏறி முடிக்கும்வரை வாசிக்கலாம்,
சின்னமாயன் உள்விளக்கை அணைக்காமல் இருந்தால்.

நாவலில் ஒரு பங்களா.
ஏலத்தோட்ட முதலாளி குரியாச்சனுடையது.
பதினோரு ஜன்னல். எண்ணினேன்.
முற்றத்தில் பித்தளையில் ஒரு மழைமானி;
காலையில் அவரே குனிந்து பார்த்து
அவரே நோட்டில் எழுதுவார்.
கணக்கில் கறாரான மனிதர் என்று
ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை,
மழைமானி சொல்லிவிடுகிறது.
இதற்கே இரண்டு மதிப்பெண் கிடைக்கும்.

மகள் லில்லிக்குட்டி மாடி வராந்தாவில் நின்று
கிழக்கே பார்க்கிறாள்:
'தூரத்தில், மலைக்குக் கீழே,
தமிழ்தேசம் பச்சைப் புகையாய்க் கிடந்தது.'
அடிக்கோடிட்டேன்.
எங்கள் தெரு அது.
அந்தப் புகைக்குள் எங்கோ
முனிசிபல் குழாயடியில்
குடத்தோடு நிற்கிறேன் நான்,
அவள் பெருமூச்சு விடும் நேரத்தில்.

இளகிய மனசுக்காரி லில்லிக்குட்டி.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
காய்ச்சலில் கிடக்கும் வேலைக்காரியைப் பார்க்கப்
பின்கட்டு வரைக்கும் வருகிறாள்.
மூன்று படி இறங்க வேண்டும்.
ஆசிரியர் அவளை முதல் படியில் நிறுத்தி
அழ வைக்கிறார்.
மீதி இரண்டு படியைப் பற்றி
நான் எழுதுவதா, வேண்டாமா?

முந்நூற்றறுபது பக்கத்தில்
லயத்துக்கு ஒரே வரி:
'லயங்களிலிருந்து புகை எழுந்தது.'
ஈர விறகு, அய்யா.
ஈர விறகுதான் அப்படி
தூரத்துக் கண்ணுக்கு அழகாய்ப் புகையும்.
ஊதி ஊதி ஒருத்திக்கு
நெஞ்சு அடைத்திருக்கும்.
அவளுக்கு ஒரு பெயர் வைக்க
ஒரு ஜன்னலைக் குறைத்திருக்கலாம்.

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது
என்னடி கதை என்றாள் ஒச்சம்மாக்கா.
சொன்னேன்.
படி வரைக்கும் வந்ததும்,
கெண்டைக்காலில் ஒட்டிய அட்டைக்குச்
சுண்ணாம்பு வைத்துக்கொண்டே கேட்டாள்:
'அவளுகளுக்கு கக்கூஸ் எங்க இருந்துச்சாம்?'
புரட்டிப் பார்த்தேன். இல்லை.
குரியாச்சனுக்கும் இல்லைதான்,
ஆனால் அவருடையதை
யாரும் தேடப் போவதில்லை.

விடை இருநூற்று நாற்பது சொல் ஆகிவிட்டது.
மழைமானியை வைத்துக்கொண்டேன்.
படிகளை ஒரு வரியாய்ச் சுருக்கினேன்.
'ஒச்சம்மா' என்பதை அடித்துவிட்டு
'வாசகர் ஒருவர் வினவக்கூடும்' என்று போட்டேன்.
போட்ட பிறகு
கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது
அவர் பக்கம் பக்கமாய்த் தட்டிப் பார்த்தார்.
அந்த ஒரு வரியின் மேல்
கரும்பச்சையாய் என் கட்டைவிரல்.
ஏலக்காய்க் கறை, சார், போகாது.
இருபது ரூபாய் அபராதம்.
ரசீதில் காரணம் என்ற இடத்தில்
எழுதினார்: 'சேதம்'.