ஊட்டி உறைபனி

ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு கடல் வைத்திருக்கிறேன்.
நாலடி நீளம், இரண்டு ஹீட்டர்,
பக்கெட்டில் கலக்கிய உப்பு.
பெட்ஃபோர்டில் கரண்ட் போகும் இரவுகளில்
கம்பளியை முதலில் அதற்குத்தான் போர்த்துவேன்.

பகலில் தரகு கம்பெனியில் தேயிலை ருசி பார்ப்பவள்.
வரிசையாய் நாற்பது கோப்பை.
உறிஞ்சு, உருட்டு, துப்பு.
பாக்கெட்டில் என்ன பெயர் ஒட்டப்போகிறார்கள் என்று
நாக்குக்குத் தெரியாது.
மழைக்கு முந்திய கொழுந்தா பிந்தியதா,
சூளையில் அரை நிமிஷம் அதிகமா,
அது தெரியும்.

அந்த நாக்கை வீட்டில் வைத்துவிட்டுத்தான்
கொளத்தூர் போனேன் போலிருக்கிறது.
"நெருப்பு மயில், மேடம்.
தாய்க் கொத்து ஜகார்த்தாவுல இருக்கு.
இது அதுலேர்ந்து நேரா வெட்டினது"
என்றார் மஸ்தான்.
நீல விளக்கின் கீழ் பவளம் எரிந்தது.
அந்த நீலத்தில் என் பல்லும் எரிந்தது,
மஸ்தானின் சட்டைப் பொத்தானும்.
சாட்சிக்கு ஒரு ரசீது:
நகலின் நகலின் நகல்,
முத்திரை இருந்த இடத்தில் கறுப்பு வட்டம்.
மூன்று தலை. தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு.

கல்லாறு தாண்டிய வளைவுகளில்
மடியில் இருந்த பொட்டலம்
என் வயிற்றைவிட அமைதியாக இருந்தது.

வீட்டில், சாதா வெள்ளை வெளிச்சத்தில்,
பழுப்பு.
ஆறிப்போன டீயின் பழுப்பு.
போன் செய்தேன்.
"பழகட்டும் மேடம்."
நான் பழகிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷத்தில் மூன்று தலை முப்பதானது.
எப்போது என்று கவனிக்கவில்லை,
விளிம்பில் ஒரு பச்சை வந்திருந்தது,
நடுவில் வெள்ளையாய் ஏதோ தூவினாற்போல்.
என் உப்பா, இந்த மலைத் தண்ணீரா,
ஹீட்டர் நின்றுபோன இரவுகளா.

திருப்பூரிலிருந்து தீபன்ராஜ் ஐஸ் பெட்டியோடு வந்தான்.
"பேர் என்னங்க?"
நெருப்பு மயில் என்று வாங்கினேன், அது இல்லை.
"அப்ப இது என்னங்க?"
தெரியாது.
"தெரியாதுன்னா தலைக்கு முந்நூறுங்க.
பேரோட குடுத்தீங்கன்னா ரெண்டாயிரம்."
வேண்டாம் என்று சொல்ல
எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.
ஐந்து தலை வெட்டிக் கொடுத்தேன்.
டப்பா மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
குன்னூரில் வளர்ந்தது. வம்சம் தெரியாது.

மார்ச்சில் கோத்தகிரிப் பல் டாக்டர் போஜன் வந்தார்,
ஸ்வெட்டருக்குள் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு.
"ஊட்டி உறைபனி. தலை ஆறாயிரம்.
தாய்க் கொத்து இந்தப் பக்கம்தான்
ஒரு அம்மாகிட்ட இருக்காம்.
யாருக்கும் காட்டமாட்டாங்களாம்.
நீங்க டீயே பார்த்துச் சொல்றவங்க.
ஒரிஜினலா?"

குன்னூர் என்றால் விலை போகாது போல.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
பழுப்பு. விளிம்பில் பச்சை இருந்தது,
அல்லது பயணத்தில் சுருங்கிப் பாதி இருந்தது.
என் தொட்டியில் பிறந்ததா,
அதைப் பார்த்துவிட்டு
யாரோ தேடிப் பிடித்த வேறொரு பழுப்பா?
ஒன்றரை வருஷம் காலையும் மாலையும் பார்த்த கண் இது.
சத்தியமாகத் தெரியவில்லை.

டாக்டர் காத்திருந்தார்.
சாத்திய கதவுக்குப் பின்னால்
நாலடிக் கடலில்
தாய்க் கொத்து திறந்து மூடிக்கொண்டிருந்தது,
யாருக்கும் காட்டப்படாமல்.

"முதல்ல தண்ணியை மாத்துங்க டாக்டர்," என்றேன்.
"குளிர்ந்துடுச்சு."