செருப்புக் காவல்

ரெண்டாம் சனிக்கிழமை கரண்ட் இல்லை என்று
கம்பெனி வேன் கொடிவேரிக்குக் கிளம்பியது.
என்னோடு பதினொரு பேர்.
அவினாசி தாண்டுவதற்குள் நாலு தடவை எண்ணிவிட்டேன்.
செக்கிங் டேபிளில் பதினாலு வருசம்.
பனியனை டஜன் டஜனாக எண்ணிய விரல்
சும்மா இருக்காது.

அணையில் முதலில் சத்தம் வந்தது,
பிறகு குளிர்,
அப்புறம்தான் தண்ணீர்.
எல்லோரும் ஓடினார்கள்.
நான் செருப்புகளை ஜோடி சேர்த்தேன்.
பத்து ஜோடி. ஒன்பது போன்
(துளசிமணியுடையது ரிப்பேர் கடையில்).

"அக்கா, வாங்க, முட்டியளவுதானுங்"
என்றான் வெள்ளியங்கிரி.
யாருடைய முட்டி?
கேட்கவில்லை. போன்களைக் கட்டைப்பையில் போட்டு
மார்போடு அணைத்துக்கொண்டு
"நீங்க போங்க, நான் பாத்துக்கறனுங்" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் முழுகிப் போகவில்லை.
கதை கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.
அண்ணனைக் கிணறு கொள்ளவில்லை,
வாய்க்கால் எந்தத் தோழியையும் இழுக்கவில்லை.
சுரைப்புருடை கட்டி எங்கள் கிணற்றில் குதித்தவர்கள்
அத்தனை பேரும் ஏறி வந்தார்கள்.
ஒருத்தன் இப்போது துபாயில்,
ஒருத்தன் என்னிடம் பாலிசி கேட்டு நச்சரிக்கிறான்.
நான் மட்டும் மேட்டிலேயே நின்றேன்.
பயம் என்று சொல்ல மனசு வரவில்லை.
கோபக்காரச் சொந்தக்காரர் வந்திருக்கும் வீட்டில்
குரல் தணித்து நடப்போமில்லையா,
அப்படி.

எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் வருகிற ஊரில்
தண்ணீரைக் கண்டு ஒதுங்குவதா என்பார்கள்.
குடத்தில் வந்தால் கும்பிடுவேன்.
ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பிடிப்பேன்,
சொட்டு சிந்தமாட்டேன்.
பிடித்ததும் டிரம்மை மூடி
மூடி மேல் குழவிக்கல்லை வைப்பேன்.
வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பேன்.
வீட்டில் தவழ்கிற பிள்ளை யாருமில்லை.
இருந்தாலும்.
நொய்யலில் இன்றைக்கு என்ன நிறம் என்று
பாலத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.
நான் முன்னால் போகிற பஸ்ஸின் முதுகைப் படித்தபடி கடப்பேன்.

பத்து.
பத்து.
கோகிலவாணி முழுகி எழுந்தாள். பத்து.
மீன் வறுக்கிற கடைப் புகை வந்து மறைத்தது,
விலகியது.
ஒன்பது.

கணக்கு தப்பினால்
பண்டலைப் பிரித்து முதலிலிருந்து எண்ண வேண்டும்.
தண்ணீரை எங்கே பிரிப்பது?
ஒன்பது.
செருப்பைப் பார்த்தேன்.
இடது வார் தைத்த நீலச் செருப்பு,
சென்னியப்பனுடையது.
கத்தினேன். அணை என் குரலை
வாங்கிக்கொள்ளவேயில்லை.

அப்புறம் நடந்தது எனக்கே தெரியாது.
சேலையோடு தண்ணீருக்குள் நிற்கிறேன்,
தலைக்கு மேல் கட்டைப்பை,
பைக்குள் யாருடையதோ போன் அடிக்கிறது.

"என்னக்கா, எறங்கிட்டீங்க!"

பின்னால், கரையில்,
வெறுங்காலோடு சென்னியப்பன்.
கையில் இலையில் சுற்றிய வறுத்த மீன்,
உதட்டில் ஒரு முள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
முட்டியளவுதான். என் முட்டி.
ஆனால் பாதத்துக்கு அடியில் மணல்
கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது.
அதை ஒருத்தரும் சொன்னதில்லை.
முதுகு காட்டாமல்
பின்னாலேயே அடிவைத்துக் கரையேறினேன்.

திரும்பும்போது வேனில்
ஈரத்தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.
பதினொன்று.
சன்னலுக்கு வெளியே தொங்கிய மீன் வாசக் கையை
உள்ளே எடுத்து வைத்தேன்.
கீழ்பவானி வாய்க்கால் பாலம் வந்தது.
தண்ணீர் விட்டிருக்கிற மாசம்.
இருட்டில் ஒன்றும் தெரியவில்லை,
சக்கரத்தின் சத்தம் மட்டும் மாறியது.
இரண்டு காலையும் ஒரு சாண் தூக்கிக்கொண்டேன்,
பாலம் முடிகிற வரைக்கும்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
பார்க்கட்டும்.