ஊசி நகராது

இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
டுலூத் நகரத்தின் மேட்டுத் தெருக்களில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
பதினாறு வருஷம்.
நூல் பிடித்ததுபோல் தள்ளுவாள் என்று
டிப்போவில் எனக்குப் பெயர்.

நூல் பிடிப்பது வேறு என்று
செவ்வாய்க்கிழமை பகல்களில் தெரிந்தது.
நூலகத்தின் கீழ்த்தளம், ஆறு மெஷின், ஆறு பேர்.
சொல்லித்தருபவள் ஷெவோன் பெல்லாங்கர்,
மற்ற நாட்களில்
பல் வைத்தியரிடம் கணக்கு எழுதுபவள்.
வந்ததும் முதல் வேலையாகத்
துணியை இழுக்கும் பற்களை
மெஷினுக்குள்ளே இறக்கிவிட்டாள்.
"இனி இது தானாக எதையும் இழுக்காது.
ஊசி நின்ற இடத்திலேயே குத்தும்.
போவதும் வருவதும் உங்கள் பாடு."

எனக்குப் புரிய மூன்று வாரமாயிற்று.
லாரியில் தெரு கிடக்கும், நான் போவேன்.
இங்கே நான் கிடக்கிறேன்,
தெருவைப் பிடித்துத் தள்ள வேண்டும்.
மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து,
ரப்பர் பொட்டு வைத்த கையுறை போட்டு.
கை முந்தினால் தையல் தாண்டித் தாண்டிப் போகிறது.
கால் முந்தினால்
ஒரே இடத்தில் புற்று வைக்கிறது.

பழைய முறை முதலில். இறகு.
நடுவில் தண்டு, இருபுறமும் இதழ் இதழாக.
ஏறிய கோட்டின் மேலேயே இறங்கி வந்துதான்
அடுத்த இதழுக்குப் புறப்பட வேண்டும்.
பக்கத்து மெஷின் ஆஸ்மண்ட் லிண்ட்க்விஸ்ட்,
தபால்காரர், லேசில் சிரிக்காதவர்,
என் இறகை எட்டிப் பார்த்து
"முட்டைக்கோஸ் நன்றாக விளைந்திருக்கிறது" என்றார்.
அவருடையதை
ஒரு வாத்து கேட்டு வாங்கிக்கொண்டு போகும்.

பிறகு புதிய முறை.
வெறும் இடத்தை வெறும் இடமாகவே மதிக்கிற முறை.
நெருக்கி நெருக்கி நேர்கோடு, கூழாங்கல்,
அப்புறம் அலைந்து திரியும் ஒற்றைக் கோடு:
தன்னைத் தானே வெட்டக் கூடாது,
முட்டுச்சந்தில் மாட்டக் கூடாது.
மாட்டினேன். திருப்பிப் பார்த்தால்
அடியில் வளைவுக்கு வளைவு
நூல் கண்ணிமைபோல் நீட்டிக்கொண்டு நின்றது.
பிரிக்கட்டுமா என்றேன்.
வேண்டாம், இதே கோணலை
இன்னும் பத்துத் தடவை கோணுங்கள் என்றாள்.
முதல் கோணல் முற்றும் கோணலானால்
அதற்குப் பெயர் டிசைனாம்.

"ஊசியைப் பார்க்காதீர்கள்.
போகப்போகிற இடத்தைப் பாருங்கள்."
இதை எனக்கு ஒருத்தி சொல்ல வேண்டியிருந்தது.

ஜனவரி கடைசியில், விடிகாலை மூன்று நாற்பதுக்கு,
மூடிக்கிடந்த மரச்சாமான் கடையின்
வாகன நிறுத்தம்.
ஒரு சுவடு இல்லாத பனி.
பிளேடை இறக்கினேன்.
இடது, இடது, சுருண்டு வெளியே,
ஏரிப் பக்கம் ஒரு பெரிய வளைவு,
விளக்குக் கம்பம் வந்த இடங்களில் ஒதுங்கி,
மறுபடி சுருண்டு, கடைசியில்
அடுத்த தெருவுக்கு வெளியேறினேன்.
வண்டியை ஒரு முறைகூடப் பின்னால் எடுக்கவில்லை.

வண்டி போன தடம் ஆபீஸ் திரையில் தெரியும்.
மேற்பார்வையாளர் வெண்டல் ஹக்கலா
தாளில் அச்செடுத்து வைத்திருந்தார்.
"குடித்திருந்தாயா?"
"இல்லை."
"பின்னே?"
"எங்காவது வெட்டிக்கொள்கிறதா, பாருங்கள்."
அவர் நுழைந்த இடத்தில் விரலை வைத்தார்.
மெதுவாக நகர்த்தினார்.
காப்பி ஆறியது.
விரல் மாட்டாமல் வெளியே வந்துவிட்டது.
டீசலுக்கு நாற்பது டாலர்
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

சாம்பல் துணியில், வெள்ளை நூலில்,
அந்தத் தடம்தான் இப்போது என் குயில்ட்டின் நடுப்பகுதி.
நான்கு ஓரமும் இறகு.
மூன்று ஓரம் முட்டைக்கோஸ்.
நான்காவதைப் பார்த்து ஆஸ்மண்ட் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மே மாதம் நூலகச் சுவரில் மாட்டினோம்.
புத்தகம் திருப்ப வந்த ஒரு பெண்மணி
வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டார்:
எல்லாம் சரளமாகப் போகிறது,
இந்த ஐந்து இடத்தில் மட்டும்
கோடு ஏன் சட்டென்று விலகுகிறது?

அங்கே கம்பம் இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.
பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
தையலே இல்லாத அந்த இடத்தை
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.