போலி நிரல்

பயிற்சி வினா பதினாலு.
ஐந்து ஆட்கள், நான்கு வேலைகள்.
யார் எதைச் செய்தால் எத்தனை நிமிஷம், அட்டவணையில் இருக்கிறது.
மொத்த நேரம் மிகக் குறைவாய் வரும்படி
ஆளுக்கொரு வேலை ஒதுக்குக.

சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட்.
திருவொற்றியூர் யார்டில் எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் அறை.
ஃபேன் காற்றில் தாள் பறக்காமல்
அறுத்துப் போட்ட போல்ட் சீல் ஒன்றை மேலே வைத்து
எழுதுகிறேன்.

வரிசைக் கோட்பாடு போன வாரமே முடிந்துவிட்டது.
மணிக்கு வருவது லாம்டா,
மணிக்கு முடித்து அனுப்புவது மியூ.
லாம்டா மியூவை மிஞ்சினால் சூத்திரம் செல்லாது
என்றார் ஆக்னஸ் மேடம், போர்டைத் துடைத்தபடி.
செல்லாத அந்தச் சூத்திரத்துக்குள்தான்
எண்ணூர் ரோடு நெடுக
டயருக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்து
ரசம் கொதிக்கவிடுகிறார்கள் நாமக்கல் டிரைவர்கள்.

புத்தகத்தில் ஆட்களுக்குப் பெயரில்லை.
அ, ஆ, இ, ஈ, உ.
மனசில் நிற்கவில்லை.
அ-வை அடித்துவிட்டுத் தேசப்பன் என்று எழுதினேன்.
ஆ, லூர்துமேரி. இ, கன்னியப்பன்.
ஈ, சிராஜுதீன்.
உ நான்.
ஒரு வசதிக்காகத்தான்.

பிறகு எண்களையும் மாற்ற வேண்டி வந்தது.
எடைமேடையில் லூர்துமேரி
மூன்று நிமிஷத்தில் ஒரு லாரியை அனுப்பிவிடுவாள்.
தேசப்பனுக்கு ஏழு.
ஒவ்வொரு டிரைவரிடமும்
சாப்ட்டியாபா என்று கேட்பார்.
பதில் வரும்வரை நிற்பார்.
அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது,
ஏழு என்று மட்டும் போட்டேன்.

ஆள் கூட, வேலை கம்மி.
சமன் இல்லாத கணக்குக்கு
போலி நிரல் ஒன்று சேர்க்க வேண்டும்,
மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.
இல்லாத வேலை.
அதைச் செய்ய யாருக்கும் நேரம் ஆகாது.

நிரையில் கழிக்க ஒன்றுமில்லை.
நிரலில் சிறியதைக் கழித்தேன்.
பூஜ்யங்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூடினேன்.
மூடாததில் சிறியது இரண்டு,
அதையும் கழித்து, கோடு வெட்டும் இடத்தில் கூட்டி,
மறுபடி மூடி,
மூன்றாம் சுற்றில் ஐந்து கோடு வந்தது.
போலி நிரல் தேசப்பன் மேல் விழுந்தது.

"இன்னாபா, பரீச்சையா?"
டீயை மேசையில் வைத்தார். தாளைக் கவிழ்த்தேன்.
"எம்பேரு கீற மாதிரி இருந்துச்சே."
கணக்குக்காகண்ணே, சும்மா.
"பாஸாயிட்டனா?"
சிரித்துக்கொண்டே போய்விட்டார்.
கிளாஸின் அடிவட்டம்
தாளின் முதுகில் ஈரமாய் இருந்தது.

ஏழை ஆறாக்கினேன். விழுந்த இடம் மாறவில்லை.
ஐந்து. அப்படியே.
எந்த எண்ணில் விடை புரளும் என்று பார்ப்பது அடுத்த அலகு,
மேடம் இன்னும் நடத்தவில்லை.
நாலு போட்டேன்.
புரண்டது. போலி நிரல்
உ-வில் வந்து நின்றது.

ரப்பரால் அழுத்தித் தேய்த்ததில்
உ இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது.

மேனேஜர் போன வியாழன் கேட்டார்,
கார் கதவைப் பிடித்துக்கொண்டு,
ரொம்பச் சாதாரணமாக:
நீ எம்பிஏ படிக்கிறேல்ல,
நைட் ஷிப்டுக்கு அஞ்சு பேர் வேணுமான்னு
கொஞ்சம் பாத்து சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள.

இப்போது மணி மூன்றே கால்.
அடுத்த லாரி மேடை ஏறுகிறது,
இரும்புத்தட்டு அதிர்ந்து அடங்குகிறது.
கண்ணாடி இறங்கும் சத்தம்.
தேசப்பன் கேட்பது
இங்கே வரை கேட்கிறது.
டிரைவர் ஏதோ நீளமாகச் சொல்கிறான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்.
ஏழு நிமிஷம் ஆகும்.